சொல்லிக்கொண்டு வரும் மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் காட்டாங்குளத்தூரில் எல்லாருடைய கண்ணும் கிழக்கே திரும்பிவிடும். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர், கிணற்றடியில் குடம் விளக்குகிறவள், செங்கல்பட்டு வண்டிக்காக ரயிலடியில் நிற்கிறவர் என்று யாராக இருந்தாலும், பேச்சின் நடுவே ஒருமுறை கோவளம் பக்கத்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார்கள். ராத்திரி ஈசானி மூலையில் மின்னல் வெட்டினால் மறுநாள் நெல்லை வெயிலில் காயப் போட மாட்டார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு திசை இருந்திருக்கும், அந்தத் திசையைப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரும் இருந்திருப்பார். எங்கள் வீட்டில் அது ஆயா.

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தும்பி தாழப் பறப்பதையும், கோழி இறக்கையைக் கோதிக்கொண்டு தாழ்வாரத்தை விட்டு இறங்காமல் நிற்பதையும், உப்புப் பானையின் அடியில் ஈரம் கசிவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருவாள். விளக்கு வைத்த நேரத்தில் புற்றிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பினால், அந்தி ஈசல் பூத்தால் அடைமழை என்று சொல்லிவிட்டு மறுபேச்சில்லாமல் வேலையைத் தொடங்கிவிடுவாள்.

"ஆயா, நாளைக்கு மழ வருமா?"

"எறும்பு முட்டையைத் தூக்கிக்கினு செவுத்துல ஏறுது பாரு. அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? வெறவ எடுத்து உள்ள போடு."

மழை வரும் என்பதோடு அவள் நிறுத்தியதே இல்லை. விறகை உள்ளே போடு, கன்றுக்குட்டியை அவிழ்த்துத் திண்ணையில் கட்டு, வரட்டியை மூடு என்று ஒரு வேலையும் கூடவே வரும். சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சொல்வதைக் கேட்டுவிட்டு, பூமிக்கு வந்த பங்கு போதுமா என்று பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொள்வார்கள். சிறுவர்களான எங்களுக்கோ, கடலில் கொட்டும் அந்தப் பங்கையும் எங்கள் ஏரிக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும்.

அறிவியல் எங்கள் ஊருக்கு டீக்கடை வானொலி வழியாக வந்தது. மாலை ஆறரை மணிக்கு மாநிலச் செய்தி. அமைச்சர்களின் சுற்றுப்பயணம் ஓடும்வரை கடையில் அவரவர் பேச்சு நடந்துகொண்டிருக்கும். கடைசியில் வானிலை என்றதும் டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்துவார், பெஞ்சில் இருக்கிறவர்கள் வாயை மூடுவார்கள். கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும் என்று அந்தக் குரல் நிதானமாகச் சொல்லி முடிக்கும். அந்த ஓரிரு இடங்களில் நம் ஊர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்க அடுத்த அரைமணி நேரம் கடையில் ஒரு சபையே கூடும். மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் பெய்தால் ஓரிரு இடங்கள், பாதிவரை ஒருசில இடங்கள், முக்கால்வரை பல இடங்கள், அதற்கும் மேலே போனால் பெரும்பாலான இடங்கள் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. தெரியாமல் கழிந்த அந்தச் சாயங்காலங்களின் வாதப் பிரதிவாதங்கள்தான் இப்போது நினைத்தாலும் இனிக்கின்றன.

அந்தக் குரலுக்குப் பின்னால் நுங்கம்பாக்கம் இருந்தது. கல்லூரிச் சாலையில் இன்றும் இயங்கும் வானிலை மையத்தின் வளாகத்தில்தான் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம் எழுந்தது. நட்சத்திரங்களைப் பார்த்துக் கடல் வழியையும் நில அளவையையும் சரிபார்ப்பதற்காக வந்தவர்கள், 1796 முதல் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் எழுதிவைக்கத் தொடங்கினார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875-இல். 1864-இல் கல்கத்தாவை அழித்த புயலும், அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்துக் கண்ட பஞ்சங்களும் சேர்ந்துதான் அப்படி ஒரு துறை வேண்டும் என்று அரசை நினைக்க வைத்தன. பேரழிவு ஒன்று வந்துபோன பிறகே முன்னெச்சரிக்கைக்கு ஒரு படி ஏறுவது என்ற நம் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

புயல் என்றால் வானொலியில் கூண்டு ஏற்றுவார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று எண் ஏற ஏற எங்கள் நெஞ்சும் படபடக்கும். அந்தக் கூண்டுக்குள் என்ன இருக்கும் என்பதில் எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி. கிளி இருக்கும், அது கத்தினால் புயல் என்று ஒரு கட்சி, பெரிய விளக்கு இருக்கும் என்று இன்னொரு கட்சி. உண்மையில் அது பகலில் கம்பத்தில் ஏற்றும் கூம்பும் உருளையுமான அடையாளம், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். கடலில் எங்கோ தூரத்தில் தாழ்வு உருவாகியிருக்கிறது என்பதில் தொடங்கி, தகவல் தொடர்பே அற்றுப்போய்விட்டது என்பதுவரை அந்தப் பதினொன்றுக்குள் அடங்கிவிடும். விளக்குக் கட்சிக்காரர்கள் பாதி ஜெயித்தார்கள் என்று இப்போது சொல்லலாம்.

அந்தக் காலத்துப் புயல்களுக்குப் பெயர் கிடையாது, வருஷம்தான். 1964 டிசம்பர் புயல் என்றால் தனுஷ்கோடி. நள்ளிரவில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே கொண்டுபோனதையும், அந்தச் செய்தியே வெளியுலகுக்குத் தாமதமாக வந்ததையும் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. 1994 அக்டோபர் 31 புயலில் எங்கள் பக்கத்துத் தென்னைகள் தலைவிரித்தாடின. 1996-இல் வந்த புயல் வங்கக் கடலுக்குள்ளேயே ஒரு வளையமடித்து, நாள்கணக்கில் எல்லாரையும் காக்க வைத்து, டிசம்பர் 6-இல்தான் சென்னைப் பக்கம் கரையேறியது. 2004-இல் ஓனில் என்ற பெயரோடு வட இந்தியப் பெருங்கடலில் புயல்களுக்குப் பெயர் சூட்டத் தொடங்கினார்கள். பிறகு மியான்மர் தந்த தானே, பாகிஸ்தான் தந்த வர்தா, இலங்கை தந்த கஜா, ஈரான் தந்த நிவர் என்று ஒரு வாரம் வீட்டில் தங்கிப்போன ஆட்களைப்போல் அவை பெயர் சொல்லிக்கொண்டு வந்துபோகின்றன. புயலன்று பிறந்தவன் என்று ஒரு பிள்ளையை அடையாளம் காட்டினால், எந்தப் புயல் என்று இப்போது கேட்கிறார்கள்.

கூண்டு ஏறியது எங்கள் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கலெக்டர் ஆபீசிலிருந்து தாலுகா ஆபீசுக்குத் தகவல் வரும். அங்கிருந்து சைக்கிளில் கிராமத்துக்கு வரும். கர்ணம் இருந்த காலத்தில் கர்ணத்துக்கு, 1980-க்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கு. அப்புறம் தலையாரி தண்டோராவோடு தெருத்தெருவாக நடப்பார். ஏரிக்கரைப் பக்கம் போகாதீர்கள், ஓலை வீட்டில் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆயா இரண்டு முறை குறுக்குக் கேள்வி கேட்டிருப்பாள். 2022-இல் தமிழக அரசு தண்டோரா போடுவதை நிறுத்தச் சொன்னது. அந்த வேலையை யார் தலையில் காலங்காலமாகக் கட்டியிருந்தார்கள் என்பதை நினைத்தால் அது நியாயமான முடிவு, எப்போதோ வந்திருக்க வேண்டிய முடிவு. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மனிதர் நின்று, வீட்டில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன அந்த ஏற்பாட்டுக்கு ஈடாக வேறொன்றை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

ஏரிக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அடைமழை நாளில் ராத்திரி முழுக்க அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடப்பார். எந்த இடத்தில் கரை நைந்திருக்கிறது, மதகுப் பலகையை எத்தனை விரற்கடை தூக்கலாம், தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டால் கோடி போகும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். விடிகாலையில் ஏரி கோடி போகிறது என்ற சத்தம் கேட்டதும் ஊரே துண்டை எடுத்துக்கொண்டு கலங்கலுக்கு ஓடும். கல்லின் மேல் கண்ணாடிபோல் வழியும் தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டு எகிறும் கெண்டையை வேட்டியை விரித்துப் பிடிப்போம். கெளுத்தி முள் குத்தி ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தாலும் அன்று அடி விழாது, குழம்பு கொதித்துவிடும். அந்த ருசி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. கலங்கல் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது அதற்கடுத்த ஏரிக்கு. தண்ணீர் போகும் வழியெல்லாம் தகவலும் கூடவே போகும். எங்கள் ஏரி நிரம்பினால் கீழே இருக்கிற ஊர்க்காரன் மண்வெட்டியோடு தயாராக நிற்பான்.

1983-இல் இன்சாட்-1பி மேலே போனது. அப்புறம் தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில் மேகப் படம் வந்தது. மேல்வீட்டுப் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து, வங்கக் கடல் நடுவே பஞ்சு உருண்டைபோல் தெரிந்த அந்த வெள்ளைச் சுழியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயா கிழக்கைப் பார்த்து ஊகித்ததை மேலேயிருந்து ஒரு கண் நேராகப் பார்த்துவிட்டதே என்ற வியப்பு அது. பின்னால் வந்த வருஷங்களில் நுங்கம்பாக்கம் மையத்தின் எஸ்.ஆர். ரமணன் ஒவ்வொரு ஐப்பசியிலும் தமிழ்நாட்டின் எல்லா வீட்டுக்கும் உறவினரானார். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று அவர் ஆரம்பித்ததும் பெரியவர்கள் குடையைத் தேடுவார்கள், பிள்ளைகள் பள்ளி விடுமுறையைத் தேடுவார்கள். 2016-இல் அவர் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள் என்றால், ஒரு அரசு அதிகாரிக்கு அதைவிட வேறென்ன பாராட்டு வேண்டும்?

அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பது எங்கள் புறநகர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கிட்டத்திலேயே தெரியும். மீனம்பாக்கத்தில் விடிகாலையிலும் மாலையிலும் ஒரு பெரிய ரப்பர் பலூனை வானத்துக்கு அனுப்புகிறார்கள். அதன் அடியில் கையடக்கமான ஒரு பெட்டி. ஏற ஏற வெப்பம், ஈரப்பதம், காற்றின் போக்கு எல்லாவற்றையும் அது வானொலி அலையில் கீழே சொல்லிக்கொண்டே போகும். முப்பது கிலோமீட்டர் உயரம்வரைகூடப் போய் பலூன் வெடித்ததும் பெட்டி எங்கேயோ வயலிலோ கடலிலோ விழுந்துவிடும். உலகமெங்கும் அதே நேரத்தில் இப்படிப் பலூன்கள் ஏறுகின்றன, அந்தக் கணக்குகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துதான் நாளைய வானத்துக்கு ஒரு வரைபடம் பிறக்கிறது. 2002-இல் நாட்டின் முதல் டாப்ளர் ரேடார்களில் ஒன்று சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் ஏறியது. பழைய ரேடாருக்கு மழை எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும், டாப்ளருக்கோ அந்த மழைக்குள் காற்று நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதும் தெரியும். வேளச்சேரி தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறார்கள். புயல் தலைக்குமேல் சுழலும்போதும் அவை அலையையும் அழுத்தத்தையும் அளந்து சொல்கின்றன.

எங்கள் ஊருக்கே ஒரு பங்கும் கிடைத்தது. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி18 கிளம்பியபோது, வெப்பமண்டல மழையையும் நீராவியையும் ஆராய இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த மேகா-ட்ராபிக்ஸ் அதில் போனது. அதோடு தொற்றிக்கொண்டு போன சின்னச் செயற்கைக்கோள்களில் ஒன்று, பொத்தேரி எஸ்ஆர்எம் மாணவர்கள் செய்த எஸ்ஆர்எம்சாட். எடை 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீராவியையும் கவனிப்பது அதன் வேலை. நாங்கள் ஆடு மேய்த்துக்கொண்டு மேகத்தை அண்ணாந்து பார்த்த அதே மேட்டிலிருந்து பிள்ளைகள் மேகத்துக்கு மேலே போய்விட்டார்கள். செய்தி கேட்ட அன்று ரயிலடியில் முன்பின் தெரியாதவரிடம்கூட நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

இப்போது எல்லாம் உள்ளங்கையில் வந்துவிட்டது. ரேடார் படத்தில் மஞ்சளும் சிவப்புமாக நகரும் மேகத்தைப் பார்த்து, இன்னும் இருபது நிமிஷத்தில் கூடுவாஞ்சேரியைத் தொடும், அப்புறம் நமக்கு என்று என் பேரன் சொல்கிறான். சொன்னபடியே தூறல் விழுகிறது. தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் தெருவில் கல்யாணப் பந்தலே போடுகிறார்கள். புயல் எங்கே இருக்கும் என்று ஒருநாள் முன்னால் சொன்ன இடத்துக்கும் அது உண்மையில் இருக்கும் இடத்துக்கும் நடுவே முன்பெல்லாம் நூறு கிலோமீட்டருக்கு மேல் பிசகு இருந்தது. இப்போது சராசரியாக எண்பதுக்குள் வந்துவிட்டது. வர்தா 2016 டிசம்பர் 12 அன்று நகரத்தைப் புரட்டிப்போட்டு, வண்டலூர்ப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆனாலும் அது வருவதை நாள்கணக்கில் முன்பே அறிந்திருந்தோம். வானம் திடீரென்று இருண்டு, யாருமே எதிர்பாராமல் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்த அந்தச் சந்தோஷம் என் பேரனுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஒரு சின்னக் குறை. அவன் பத்திரமாக இருக்கிறான் என்ற நிம்மதி அந்தக் குறையைவிடப் பெரியது.

ஆனால் 2015 டிசம்பர் 1 ராத்திரியை எந்த நிம்மதியும் மறைத்துவிட முடியாது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்தபோது தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. கனமழை வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எவ்வளவு, எந்த மணி நேரத்தில், எந்த ஏரிக்கு மேலே என்பதைச் சொல்ல அன்று வழியில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைப் பற்றி உலகமே பேசியது. அதைவிட எனக்கு உறுத்துவது முடிச்சூரும் வரதராஜபுரமும். செம்பரம்பாக்கத்து உபரி வந்து சேரும் திருநீர்மலைக்கு மேலேயே இருக்கின்றன அந்த ஊர்கள். அங்கே மாடிவரை ஏறியது, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அடையாறு பிறக்கும் இடமே அதுதான். எந்த ஏரி எப்போது கோடி போனது என்று கீழே இருந்தவர்களுக்குச் சொல்ல அன்று ராத்திரி கரைமேல் யாரும் விளக்கோடு நடக்கவில்லை. தண்ணீர் தன் பழைய வழியில் சரியாகத்தான் வந்தது. அந்த வழியில் வீடு வாங்கியவர்களுக்கு அது ஆற்றின் வழி என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்தது, நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்லும் சி-ஃப்ளோஸ் என்ற ஏற்பாட்டைச் சென்னைக்கென்றே உருவாக்கினார்கள். 2022 ஜனவரியில் பள்ளிக்கரணையில் இன்னொரு டாப்ளர் ரேடார் வந்தது. 2023-இல் ஒருநாள் எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறி, இது சோதனை எச்சரிக்கை என்று சொன்னது. மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலி தமிழிலேயே பேசுகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் மீன் மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை என்றதும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பைவிடப் பெருமைதான் அதிகம். வானிலை அறிவிப்பை ஒரு நகரம் நம்பி, அதன்படி ஒரு காரியத்தைச் செய்த நாள் அது. தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து, எதிர்பார்த்த அளவு மழை நகரத்துக்கு வராமல் போனதும், பார்த்தீர்களா ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் நம் பக்கத்து வானம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஐரோப்பாவில் மழை பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மேகத் திரையாக வருகிறது, வருவதை நாள்கணக்கில் தொடர்ந்து பார்க்கலாம். இங்கேயோ ஐந்து பத்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மேகக் கோபுரம் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து, கொட்டி, கரைந்துவிடும். 2021 டிசம்பர் 30 மத்தியானம் அப்படித்தான் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சென்னையின் சில இடங்களில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 2025-இல் வந்த பாரத் முன்கணிப்பு முறை நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் ஒரு கட்டத்துக்குள் ஒரு ஏரியும் இரண்டு ஓடையும் நாற்பது தெருக்களும் அடங்கிவிடுகின்றன. இயந்திரம் எவ்வளவு நெருங்கி வந்தாலும் கடைசியில் கொஞ்ச தூரம் மனிதர்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் உயிர்கள் இருக்கின்றன. 1970-இல் வங்காளத்துப் போலாப் புயலில் மூன்று லட்சம் பேருக்குமேல் மாண்டார்கள். அதற்குப் பிறகு வங்கதேசம் கிராமந்தோறும் தொண்டர்களை அமர்த்தி, கையில் மெகாபோனும் கம்பத்தில் எச்சரிக்கைக் கொடியும் கொடுத்தது. 2007-இல் சிடர் என்ற கொடும்புயல் வந்தபோது இழப்பு சில ஆயிரங்களில் நின்றது. 1999-இல் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை இழந்த ஒடிசா, 2013-இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றி, இழப்பைச் சில பத்துகளில் நிறுத்திக் காட்டியது. நம் கண்ணெதிரே நடந்தது நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து புதுச்சேரிக்குப் பக்கத்திலிருக்கும் தன் மீனவக் கிராமத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். மீனவர்களுக்கு அலை உயரம் சொல்வதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கியில் ஊரார் அதையே அறிவிக்க, ஊர் தப்பியது. அதற்கு நேர்மாறு 2017-இல் ஒக்கி. அறிவிப்பு வெளியானபோது குமரி மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள், அத்தனை தூரத்துக்கு எந்தக் குரலும் எட்டவில்லை. செயற்கைக்கோள் வழியே கடலுக்குள்ளேயே செய்தி சேர்க்கும் ஜெமினி கருவியெல்லாம் அந்தக் கண்ணீருக்குப் பிறகு வந்தவை. உலகத்தில் ஒருவர்கூட விடுபடாமல் எல்லாருக்கும் 2027-க்குள் முன்னெச்சரிக்கை சேர வேண்டும் என்று ஐ.நா. குறி வைத்திருக்கிறது. 24 மணி நேரம் முன்னால் தெரிந்தாலே சேதத்தில் 30 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்கிறார்கள். அந்த 24 மணி நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. மழை இவ்வளவு என்பதோடு நிற்காமல் அதனால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லும் அறிவிப்பைத் துறையார் இப்போது வளர்த்துவருகிறார்கள். ஆயா இதைக் கேட்டிருந்தால், விறகை உள்ளே போடச் சொல்ல இத்தனை நாளா என்று கேட்டிருப்பாள்.

எங்கள் ஊரை இன்று சுற்றிப் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு வந்த ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் ஒரே அறையில் பத்துப் பேராகத் தரைத்தளத்தில் இருக்கிறார்கள். எஸ்ஆர்எம்மில் படிக்க வந்த மாணவர்களுக்கு எந்தப் பக்கம் ஏரி என்று தெரியாது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. நாலாவது மாடியில் இருக்கிறவருக்கு ஒரு நாளில் ஒன்பது எச்சரிக்கை வருகிறது, ஒன்றையும் அவர் கீழே கொண்டுபோவதில்லை. முன்பு எங்களுக்குத் தகவல் குறைவு, அதைச் சொல்லும் வாய்கள் அதிகம். இப்போது தகவல் பெருகிவிட்டது, வாய்கள் வற்றிவிட்டன.

இதைச் சரிசெய்யச் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒவ்வொரு ஏரிக் கலங்கலிலும் எட்டத்திலிருந்தே தெரியும்படி ஒரு அளவுக் கம்பம் நடலாம், தண்ணீர் எந்தக் கோட்டைத் தொட்டால் கீழே எந்தெந்தத் தெரு காலி செய்ய வேண்டும் என்று அந்தத் தெருக்களின் முனையிலேயே எழுதி வைக்கலாம். பழைய நீர்க்கட்டியின் வேலையை ஊராட்சியும் நகராட்சியும் சம்பளம் கொடுத்து, மரியாதையோடு, ஒருவருக்குக் கொடுக்கலாம். தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று, படுத்த படுக்கையாக இருப்பவர், கைக்குழந்தைக்காரி, தமிழ் தெரியாத தொழிலாளி என்று யார் வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைக்கலாம். எவ்வளவு பெய்யும் என்பதை நுங்கம்பாக்கம் சொல்லிவிடும், வருஷத்துக்கு வருஷம் இன்னும் துல்லியமாகவே சொல்லும். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெருவில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். அந்தத் தாளைப் புரட்டாசி முடிவதற்குள் எழுதி முடித்துவிடுவோம்.